ஒரு குண்டுக்கு ஒரு வாளி வெந்நீர்

வேலை முடிந்து களைத்து வந்தவர்கள் முதலில் காலை நீட்டிக்கொள்ளுங்கள். பிறகு கொஞ்சம் கிட்ட வாருங்கள் கண்ணுகளா, என் குரல் இப்போதெல்லாம் தூரம் போவதில்லை. கையில் எட்டுக் குண்டு வைத்துக்கொண்டு, கடைசிக் குண்டு எங்கே போகும் என்று தெரிந்துகொள்வதற்காகவே மற்ற ஏழு குண்டையும் செலவழித்தாளே வெல்டா கான்ஃபர், அவள் கதையைச் சொல்கிறேன். பெரிய கதை இல்லை. உங்கள் கையில் இருக்கும் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

வெல்டாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. ஊருக்குள் இருக்கும் முதியோர் இல்லத்தில் இரவு வேலை. படுக்கையோடு கிடப்பவர்களைப் புரட்டிப் படுக்கவைப்பது, துடைத்துவிடுவது, அழைப்பு விளக்கு எரிந்த அறைக்கெல்லாம் ஓடுவது. காலை ஏழு மணிக்கு விடுவார்கள். அப்புறம் இருபத்திரண்டு மைல் மலைப்பாதை. பனி பெய்திருந்தால் அந்தப் பாதைக்கே ஒரு மணி நேரம். வீட்டில் அவள் கணவன் ஆர்லன் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். முப்பது வருஷம் காட்டில் மரம் அறுத்தவன். நடுக்குவாதம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. காபிக் கோப்பையைப் பாதிதான் நிரப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மடியில் ஊற்றிக்கொள்வான்.

எங்கள் பென்சில்வேனியா மலைகளில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சிக்கிமுக்கித் துப்பாக்கி வேட்டைப் பருவம் தொடங்கும். குழல் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, குண்டைக் கோலால் இறக்கி, கல் தட்டிய பொறியில் சுடும் துப்பாக்கிக்கு மட்டும்தான் அப்போது காட்டில் இடம். ஒரு தடவை சுட்டால் மறுபடி நிரப்ப ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை மான் நின்று வேடிக்கை பார்க்காது. ஆகவே முதல் குண்டுதான் குண்டு. மற்றதெல்லாம் மனசைத் தேற்றிக்கொள்வதற்கு.

ஒரு பெட்டை மான் கிடைத்துவிட்டால் அந்த வீட்டில் வசந்தம் வரைக்கும் இறைச்சிக் கவலை இல்லை. ஆர்லன் நன்றாக இருந்தவரை அது அவன் பொறுப்பு. அவனுக்குக் கை போன பிறகு துப்பாக்கியை எடுத்தவள் வெல்டா. முதல் வருஷம் ஆர்லனின் உருண்டைக் குண்டு ஒன்றை ஒரு மானின் விலாவில் சரியாகத்தான் போட்டாள். ஆனால் உருண்டை உள்ளேயே நின்றுவிட்டது. வெளியே சொட்டு ரத்தம் இல்லை. அரை நாள் தேடி, முழங்கால் வீங்கி, பிறகுதான் கிடைத்தது. அதைப் பார்த்து அவள் தம்பி மெர்வின் அடுத்த வருஷம் ஒரு தகரடப்பியில் பன்னிரண்டு நெட்டைக் குண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தான். உருண்டையைப் போல இரண்டு மடங்கு எடை. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிடும், மான் நின்ற இடத்திலேயே விழும் என்றான். வெல்டாவின் முழங்காலுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று.

தவறு அங்கேதான் நடந்தது. எங்கள் ஊரில் பாதிப்பேர் செய்யும் தவறு அது. ஒருவரும் வெளியே சொல்லமாட்டார்கள். நெட்டைக் குண்டு கொஞ்சம்தான் இருக்கிறதே, அதை வீணாக்குவானேன் என்று ஆர்லன் வார்த்துவைத்த மலிவு உருண்டைகளைக் கொண்டு ஐம்பது கஜத்தில் குறி பார்த்தாள். மூன்று ஓட்டையையும் ஒரு டீக்கோப்பையால் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கம். சந்தோஷமாக நெட்டைக் குண்டைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனாள். மான் ஐம்பது கஜத்தில்தான் நின்றது. குண்டு கீழே இறங்கி முன்னங்காலை முறித்தது. புகை கலைந்தபோது அது மூன்று காலில் ஓடிக்கொண்டிருந்தது. அவசர அவசரமாக நிரப்பி, தூரத்தில் தெரிந்த முதுகைப் பார்த்து மேலும் மூன்று குண்டைக் காற்றில் விட்டாள். இரண்டு நாள் ரத்தத்தைப் பின்தொடர்ந்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் ஓடைக் கரையில் தடம் முடிந்துபோயிற்று.

அந்த மூன்று கால் ஓட்டம் அவளை விடவில்லை. இல்லத்தில் யாராவது ஒரு கிழவரை ஒரு பக்கமாகத் தாங்கிக் கழிவறைக்கு நடத்திப் போகும்போதுகூட நினைவுக்கு வரும். ஆர்லனோ அந்த வருஷம் முழுவதும் ஒரே பாட்டுத்தான் பாடினான். துப்பாக்கி சரியாகத்தான் இருக்கிறது, அவள் கைதான் ஆடிவிட்டது என்பான். கை ஆடுவதைப் பற்றி யார் பேசுவது பார் என்று வாய் வரைக்கும் வரும். விழுங்கிக்கொள்வாள்.

அடுத்த டிசம்பரில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். முதல் குண்டு எங்கே போகும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் காட்டுக்குப் போவது. தெரியாவிட்டால் போவதில்லை, குளிர்காலம் முழுவதும் பருப்பும் முட்டையும் தின்றுகொள்ளலாம். இன்னொரு மானை நொண்டியாக்கி விட்டுவிட்டு வந்து அவளால் உறங்க முடியாது. ஏற்கெனவே உறக்கம் குறைச்சல்.

டப்பியில் எட்டுக் குண்டு மிச்சம். அவற்றை வார்த்த மனிதர் அச்சையும் எடுத்துக்கொண்டு ஃப்ளோரிடாவுக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். கடையில் வேறு ஜாதிக் குண்டு இருந்தது. ஆனால் ஜாதி மாறினால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். அதுவும் அவர்கள் வைத்திருந்தது புதுமாதிரித் துப்பாக்கிகளுக்கானது. எட்டுத்தான். குறி பார்க்கச் செலவழிக்கும் ஒவ்வொன்றும் வேட்டைக்கு ஒன்று குறைவு. செலவழிக்காவிட்டால் மிச்சம் இருப்பது எதற்கும் உதவாது.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். ஒரு குண்டு போனதும் குழலுக்குள் கரி படிந்துவிடும். இரண்டாவது குண்டு அந்தக் கரியில் உரசிக்கொண்டு வேறு வழியில் போகும். காட்டிலோ குழல் சுத்தமாக இருக்கும், ஐஸ் மாதிரிக் குளிர்ந்தும் இருக்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு குண்டுதான் சுடுவது என்று வைத்துக்கொண்டாள். வேலை விட்டு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், கொல்லைப்பக்கத்து மர மேஜையில் மணல் மூட்டை மேல் துப்பாக்கியைச் சாய்த்து, ஐம்பது கஜத்தில் மண்மேட்டுக்கு முன்னால் நிற்கும் பலகையைப் பார்த்து ஒன்று. அவ்வளவுதான். பிறகு அடுப்பில் ஒரு வாளி வெந்நீர் வைத்து, குழலைக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசி மாட்டிவிட்டுத்தான் படுக்கை. கருமருந்துக் கரியை ஒரு நாள் விட்டால் இரும்பைத் தின்றுவிடும். பலகையில் அதே காகிதம், மாற்றுவதில்லை. ஒவ்வொரு காலையும் ஒரு ஓட்டை சேரும். பக்கத்தில் பென்சிலால் தேதி.

முதல் நாள் அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போவதை ஆர்லன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒரு குண்டுக்கு ஒரு வாளி வெந்நீரா? கட்டினவனுக்குக்கூட நீ இப்படி வெச்சதில்லையே அம்மணி."

"நீயும் துருப்பிடி, வெக்கிறேன்."

முதல் குண்டு கறுப்பு வட்டத்துக்கு நான்கு விரல் கீழே விழுந்தது. இரண்டாம் நாள் அதன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு. மூன்றாம் நாள் இரண்டு ஓட்டைக்கும் நடுவில். ஒரு கோழிமுட்டையால் மூன்றையும் மறைத்துவிடலாம்.

அவள் அன்று காகிதத்தைக் கழற்றிக்கொண்டு போய் ஆர்லன் மடியில் வைத்தாள். கை ஆடியிருந்தால் ஓட்டைகள் நாலு திசையிலும் சிதறியிருக்கும். இவை மூன்றும் ஒரே இடத்தில், ஆனால் கீழே. கை சரி. நெட்டைக்குத் துப்பாக்கி தாழ்ந்து போகிறது. அவன் நெடுநேரம் பார்த்தான். காகிதம் அவன் விரலில் படபடவென்று அடித்துக்கொண்டது.

சரி, அப்படியானால் நான்கு விரல் மேலே பிடித்துச் சுடு என்றான் கடைசியில்.

மான் வந்து நிற்கும்போது, இருபது மணி நேரம் விழித்த கண்ணோடு, நான்கு விரல் கணக்கெல்லாம் தனக்கு வராது என்றாள் வெல்டா. எதைக் குறி பார்க்கிறேனோ அதிலே படவேண்டும், அவ்வளவுதான். முன்குறியை அரத்தால் கொஞ்சம் குறைத்துவிடலாம் என்றாள். முனையில் இருக்கும் அந்தத் தகடு குட்டையானால் குழல் வாய் ஒரு மயிரிழை நிமிரும். குண்டு மேலே ஏறும்.

ஆர்லன் முகம் மாறிப்போயிற்று. அந்த முன்குறி வெள்ளி. அவர்கள் கல்யாணம் பண்ணிக்கொண்ட வருஷம் அவன் அந்தத் துப்பாக்கியைத் தன் கையாலேயே செய்தான். கையில் வேறு வெள்ளி இல்லாததால் பழைய பத்துசென்ட் நாணயம் ஒன்றை அறுத்துத் தேய்த்து முனையில் பொருத்தினான். உருண்டைக் குண்டுக்கு அளந்து, சுட்டு, தேய்த்து, மறுபடி சுட்டு, ஒரு மாசம் உட்கார்ந்து சரிசெய்தது.

"அரத்தை வெச்சா திரும்ப ஒட்டவைக்க முடியாது வெல்டா. அப்புறம் அது உருண்டைக்கு ஆகாது."

"உருண்டை யார் சுடப் போறா?"

ஆர்லன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டான். கேட்டிருக்க வேண்டாம் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. வசந்தம் வந்தால், புது மாத்திரை கேட்டால், கை ஒரு நாள் நின்றுவிடும் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அவன் வார்த்த உருண்டைகள் காபி டப்பா நிறைய அலமாரியில் இன்னும் இருந்தன. அவள் காகிதத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த இரண்டு நாள் அவள் சுடவில்லை. இல்லத்தில் கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் காய்ச்சல் என்று வரவில்லை; அவள் சாயங்காலமே போய்க் காலை வரை நின்றாள். அதில் இரண்டாம் இரவு மூன்றாம் எண் அறைக் கிழவி இறந்துபோனாள். வெல்டாதான் உடம்பைத் துடைத்து, தலைவாரி, வாயைக் கட்டி, மகள் வரும்வரை பக்கத்தில் இருந்தாள்.

அன்று காலை வீட்டுக்கு வந்தபோது ஏன் துப்பாக்கியை எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பழக்கம்தான் காரணமாக இருக்கவேண்டும். எண்ணெயைத் துடைத்தாள். கொழுப்பு தடவிய நெட்டைக் குண்டைக் குழல் வாயில் வைத்து, கோலால் அடிவரை இறக்கினாள். சிக்கிமுக்கிக் கல்லைப் பிடித்திருக்கும் குதிரைக்குக் கீழே இருக்கும் சின்னக் கிண்ணத்தில் பொடிமருந்து தூவினாள். மணல் மூட்டையில் சாய்த்து, விசையை அமுக்கினாள்.

புஸ்ஸென்று கிண்ணத்தில் ஒரு நெருப்பு. அவ்வளவுதான். இடி இல்லை, உதை இல்லை.

தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும் என்று ஒரு நிமிஷம் அசையாமல் பிடித்திருந்தாள். பிறகு கிண்ணத்து நெருப்பு குழலுக்குள் போகும் துளையை ஊசியால் குத்திவிட்டு, மறுபடி தூவி, மறுபடி அமுக்கினாள். மறுபடி புஸ். மூன்றாம் தடவையும் அதேதான். அப்போதுதான் மேஜையில் கருமருந்து அடைத்த மாட்டுக்கொம்பு மூடி திறக்காமல் கிடப்பதைப் பார்த்தாள். குழலுக்குள் மருந்தே போடவில்லை. வெறும் குண்டு அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. இந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் இதைச் செய்யாதவர் ஒருவரும் இல்லை. அடுத்தவன் செய்தால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கொஞ்ச நேரம் தலையைக் கீழே வைத்தால் போதும் என்று மட்டும் தோன்றியது. கையை மடித்து மணல் மூட்டை மேல் வைத்து, அதில் நெற்றியை வைத்தாள்.

உள்ளே ஆர்லன் மூன்று புஸ்ஸையும் கேட்டான். மருந்து மறந்துவிட்டது என்று அவனுக்கு இரண்டாவதிலேயே தெரிந்துவிட்டது. கிண்டல் பண்ண ஒரு வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தான். அவள் வரவில்லை. ஜன்னலை எட்டிப் பார்த்தான். பனியில் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தாள். நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அந்த மாசத்தில் அவன் கதவைத் தாண்டியதே கிடையாது. சமையலறையிலிருந்து மேஜைக்கு முப்பது அடி. நடைவண்டிச் சக்கரம் பனியில் சிக்கிச் சிக்கி, கால் மணி நேரம் ஆயிற்று.

கிட்டப் போனதும் அவள் மூச்சு கேட்டது. குறட்டையே விட்டாள்.

அவன் தன் மேல் கோட்டைக் கழற்றி அவள் முதுகில் போட்டான். பிறகு அவள் எதிரே உட்கார்ந்து, துப்பாக்கியை மெல்ல இழுத்து, பக்கத்துத் துளை வழியாகப் பொடிமருந்தைச் சிட்டிகை சிட்டிகையாக உள்ளே தள்ளப் பார்த்தான். நூறு துகள் பனியில் கொட்டினால் பத்துத் துகள் துளைக்குள் போயிற்று. பனி மேல் மிளகு தூவினாற்போல் ஆகிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

அவள் விழித்தபோது முதலில் பார்த்தது அதைத்தான். பனியில் கறுப்புப் பொடியும், சட்டையோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆர்லனும்.

"எழுந்திரு. உள்ள கொஞ்சம் போயிருக்கு. கோலால குண்டை நல்லா அழுத்திட்டுச் சுடு. வெளிய வந்துடும்."

அவள் அழுத்தினாள். பலகையைப் பார்த்துச் சுடவில்லை, மண்மேட்டைப் பார்த்துச் சுட்டாள். சோடாப்புட்டி திறந்தது மாதிரி ஒரு சத்தத்தோடு குண்டு பத்தடியில் பனியில் போய் விழுந்தது. நாலாவது குண்டு வீண்.

வீடு திரும்ப அவள் அவன் கையைப் பிடித்தாள். அவன் வரவில்லை. துப்பாக்கியைக் கொடு என்றான். வெறும் துப்பாக்கிதான். தோளில் வைத்து, முழங்கையை மேஜையில் ஊன்றி, பலகையைப் பார்த்தான். அந்த வெள்ளி முனை பலகையிலிருந்து கொட்டகைக்குப் போயிற்று, கொட்டகையிலிருந்து வானத்துக்குப் போயிற்று, திரும்பிப் பலகையைத் தாண்டிச் சென்றது. அவன் மூச்சைப் பிடித்துப் பார்த்தான். பல்லைக் கடித்துப் பார்த்தான். வெல்டா அவன் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் துப்பாக்கியை அவள் பக்கம் திருப்பிவைத்தான்.

"அரம் இடது பக்க இழுப்பறைல இருக்கு. சின்னது. ஆறு இழுப்பு, அதுக்கு மேல ஒண்ணுகூட வேணாம். சுட்டுப் பாத்துட்டு மிச்சம்."

அவள் அவன் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். அன்றைக்கு வெந்நீர் வைத்தபோது அவன் கிண்டல் பண்ணவில்லை.

அரத்தை அவள்தான் பிடித்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டு எண்ணினான். வெள்ளித்தூள் மேஜை விரிப்பில் விழுந்தது. அதை அவள் தட்டிவிடப் போனபோது இருக்கட்டும் என்றான். முப்பத்தோரு வருஷக் கறுப்புப் போய் முனை பளிச்சென்று ஆயிற்று.

ஐந்தாவது குண்டு இரண்டு விரல் மேலே ஏறியது. மறுநாள் நான்கு இழுப்பு. ஆறாவது குண்டு வட்டத்தின் கீழ் விளிம்பைத் தொட்டது. அதற்கு மறுநாள் ஆர்லன் ஒரே ஒரு இழுப்பு, அதுவும் பாதி என்றான். இருபத்துமூன்றாம் தேதி காலை ஏழாவது குண்டு கறுப்பு வட்டத்தின் நடுவைத் துளைத்தது.

டப்பியில் ஒன்று மிச்சம். அதையும் சுட்டு உறுதி பண்ணிக்கொள்ள ஆசைதான். ஆனால் அதற்குப் பிறகு எதைக்கொண்டு வேட்டையாடுவது?

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மெர்வின் ஒரு கேக்கோடு வந்தான். விஷயத்தைக் கேட்டதும், ஒரே ஒரு ஓட்டையை நம்பிப் போவதா, அலமாரியில் டப்பா நிறைய உருண்டை சும்மாதானே கிடக்கிறது என்று சொல்லி, அவர்கள் தடுப்பதற்குள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். உருண்டையைத் துணியில் சுற்றி இறக்கி மூன்று தடவை சுட்டான். ஒன்று காகிதத்தின் மேல் ஓரத்தில் பட்டது. மற்ற இரண்டும் பலகைக்கு மேலேயே போயின. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான்.

"அக்கா, துப்பாக்கியைக் கெடுத்துட்டீங்க ரெண்டு பேரும். வானத்தைச் சுடுது."

ஆர்லன் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து வெல்டா பார்த்து மூன்று வருஷம் ஆயிருக்கும்.

"மாப்ள, போன வருஷம் உன் அக்கா பண்ணின அதே தப்பைத் தலைகீழாப் பண்ணிட்டு வந்து நிக்கிறே. அது இப்போ நெட்டைக்குப் பழகின துப்பாக்கி. உருண்டையை வாயில வெச்சா துப்பத்தான் செய்யும். போ, வாளியில வெந்நீர் வெச்சு நீயே கழுவு. மூணு குண்டுக்கு மூணு வாளி."

மெர்வின் கழுவினான். ஆனால் போகும்போது வாசலில் நின்று அக்காவைத் தனியாகக் கேட்டான், நிஜமாகவே ஒரே குண்டோடு போகிறாயா என்று. ஆமாம் என்றாள். போன வருஷம் பையில் மூன்று இருந்து என்ன ஆயிற்று என்றாள்.

கிறிஸ்துமஸ் இரவும் அவளுக்கு வேலைதான். பிள்ளைகுட்டி இருப்பவர்கள் வீட்டில் இருக்கட்டும் என்று அவளே ஒத்துக்கொண்டது. காலையில் வண்டியை வீட்டுக்குப் பின்னாலேயே நிறுத்தி, சீருடை மேல் ஆர்லனின் கம்பளிக் கால்சட்டையையும் ஆரஞ்சுக் கோட்டையும் மாட்டிக்கொண்டாள். கழுத்து அட்டையைக் கழற்ற மறந்துவிட்டாள். அதில் அவள் பெயரும் ஒரு சிரித்த படமும் காட்டுக்குள் போயின. ஆர்லன் ஜன்னலில் இருந்தான். கை தூக்கவில்லை. தூக்கினால் அது என்ன சைகை என்று யாருக்கும் புரியாது.

வீட்டுக்கு மேலே அரை மைலில், போன வருஷம் தடம் தொலைந்த அதே ஓடைக்கு இப்பால், ஒரு பெரிய ஹெம்லாக் மரம். அதன் அடியில் உட்காருவதற்கு முன்னால் அவள் ஐம்பது தப்படி எண்ணி நடந்து, அங்கே நின்ற வெள்ளைப் பட்டை பிர்ச் மரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு திரும்பினாள். அந்த மரத்துக்கு அப்பால் எது வந்தாலும் தன்னுடையது இல்லை. குழலில் மருந்து போட்டாயிற்றா என்று கோலை உள்ளே விட்டு, அதில் கீறிவைத்த கோடு சரியாக வாய்க்கு நேரே நிற்கிறதா என்று மூன்று தடவை பார்த்தாள். ஈரம் படாமல் மேல்கோட்டின் ஓரத்தால் துப்பாக்கியின் குதிரையை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

தூங்கிவிட்டாள். வேறென்ன நடக்கும்? கண் விழித்தபோது மரத்துக்கு மேல் வெயில் இறங்கியிருந்தது. எதிரே சரிவில் இரண்டு பெட்டை மான்கள். முதலாவது பிர்ச்சுக்கு அப்பால், எழுபது கஜம் இருக்கும், பக்கவாட்டில் அழகாக நின்றது. நல்ல கொழுத்த மான். மற்றவர்கள் சுட்டிருப்பார்கள். அவள் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐம்பதில் எங்கே படும் என்று தெரியும். எழுபதில் தெரியாது. அது இலைகளைக் கிளறித் தின்றுவிட்டு மேட்டில் ஏறிப் போயிற்று. அவள் முழங்கால் மரத்துப்போயிருந்தது.

இரண்டாவது மான் அவசரமில்லாமல் கீழே இறங்கி வந்தது. பிர்ச்சுக்குப் பக்கத்தில் வந்து, பட்டையை முகர்ந்தது. புதிதாய்த் தேய்த்த வெள்ளி முனை அந்த வெயிலில் சின்ன விளக்கு மாதிரி நின்றது. நான்கு விரல் மேலே இல்லை, கீழே இல்லை. முன்னங்காலுக்குப் பின்னால், எங்கே வேண்டுமோ அங்கேயே அதை வைத்து, அமுக்கினாள்.

புகை கண்ணை மறைத்தது. ஓடும் சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. புகைக்குள் உட்கார்ந்து, எத்தனை கால் சத்தம் என்று எண்ணப் பார்த்தாள், எண்ண முடியவில்லை. பிறகு சத்தம் நின்றுவிட்டது.

புகை விலகியபோது பிர்ச்சுக்குக் கீழே இருபது தப்படியில் பழுப்பாக ஒன்று கிடந்தது. அசையவில்லை. அவள் மரத்தைப் பிடித்து எழுந்து, ஒவ்வொரு காலாக நகர்த்திப் போனாள். குண்டு நுழைந்த இடம் அவள் வெள்ளி முனையை வைத்த இடம்தான். பக்கத்தில் பனியில் உட்கார்ந்தாள். அதன் கழுத்தில் கையை வைத்தாள். இன்னும் சூடு இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது, ஆனால் இந்த மானிடம் கேட்க ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியது வேறொரு மானிடம். அது ஓடைக்கு அப்பால் எங்கேயோ போய்விட்டது. அது போனது போனதுதான்.

மானின் காதில் வேட்டை அடையாளச் சீட்டைக் கட்டி, வயிற்றைக் கீறிச் சுத்தம் பண்ணினாள். இழுத்துக்கொண்டு போக மெர்வினுக்குப் போன் பண்ணினாள். எத்தனை குண்டு என்று அவன் கேட்கவில்லை, இருந்ததே ஒன்றுதானே. அவனுக்காகக் காத்திருக்காமல் துப்பாக்கியை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். இனி அதைக் கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், எண்ணெய் போட வேண்டும், தோலை உரிக்க வேண்டும், துண்டு போட வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு மறுபடி வேலை. வழியெல்லாம் அவள் மனசில் ஓடியது ஒன்றுதான்: அடுப்பு மூட்டி அந்த ஒரு வாளி கொதிக்க இருபது நிமிஷம் நிற்க வேண்டுமே, அதுவரை கால் தாங்குமா.

சமையலறைக் கதவைத் திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. தரை முழுவதும் தண்ணீர். ஆர்லனின் கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. குழாயிலிருந்து கோப்பை கோப்பையாகப் பிடித்துக்கொண்டு போய் நிரப்பியிருக்கிறான். பாதி வாளியில், பாதி தரையில். அடுப்பின் மேல் வாளி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

அவன் மான் கிடைத்ததா என்று கேட்கவில்லை.

"ஒரே சத்தம்தான் கேட்டுச்சு," என்றான். "கேட்டதும் வெச்சேன்."

அவள் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நனைந்த தரையிலேயே, அவன் நாற்காலிக் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். உன் கால்சட்டையை மாற்ற வேண்டும் என்றாள். அதை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், முதலில் குழலைக் கழுவு, துருப்பிடிக்கும் என்றான். சரி என்றாள். ஆனால் இருவரும் கொஞ்ச நேரம் அசையவில்லை. அவன் கை அவள் தலைமேல் இருந்தது. அது பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தாலாட்டு மாதிரி இருந்தது.

கண்ணுகளா, கதை அவ்வளவுதான். நீங்கள் எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பி வந்தாலும் உங்கள் வீட்டு அடுப்பில் உங்களுக்காக ஒரு வாளி கொதித்துக்கொண்டிருக்கட்டும். அதை ஏற்றிவைக்கும் கை நடுங்கினாலும் அந்தக் கை உங்கள் வீட்டில் நெடுநாள் இருக்கட்டும்.